எட்டாம் வகுப்புக்குள் முதன்முறை நுழையும் ஆசிரியருக்கு: வளரிளம் பருவத்தைப் புரிந்துகொண்டு பாடம் நடத்த ஒரு வழிகாட்டி

பி.எட். முடித்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறீர்கள். எட்டு, ஒன்பது, பத்து என மூன்று வகுப்புகள் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பாடத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது. திணற வைப்பது வேறு. போன வருடம் வரை எதற்கெடுத்தாலும் கை தூக்கிய பெண் இன்று வாயே திறப்பதில்லை. "ஹோம்வொர்க் எங்கேப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு ஒருவன் முறைக்கிறான். முதல் பீரியடிலேயே பாதி வகுப்பு கொட்டாவி விடுகிறது. ஸ்டாஃப் ரூமில் கேட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பதிலை ஏற்காதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை காலத்தால் வருவதில்லை, வயதால் வருபவை. அந்த வயதில் உடம்பிலும் மூளையிலும் நடப்பது தெரிந்தால், வகுப்பில் எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். முதல் மாதத்தில் எதை எப்போது செய்யலாம் என்ற வரிசையில் இருக்கிறது.

முதல் நாள்: எதிரே இருப்பவர்கள் ஒரே வயது, ஆனால் ஒரே வளர்ச்சி அல்ல

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. உங்கள் எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் 13 வயது இருக்கும். ஆனால் உடம்புகள் வேறு வேறு இடத்தில் நிற்கும். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றங்கள் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. சட்டென்று உயரம் கூடும் கட்டம் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். ஏழாம், எட்டாம் வகுப்பில் பெண்கள் உயரமாகவும் பல பையன்கள் குட்டையாகவும் தெரிவது இதனால்தான்.

இதை வைத்துச் செய்ய வேண்டியது எளியது. பிரேயரில் உயர வரிசைப்படி நிற்க வைப்பது நம் வழக்கம். வரிசையின் முதல் இடத்தில் நிற்கும் பையனைப் பாருங்கள். வருடம் முழுக்க, தினமும் காலையில், பள்ளி மொத்தத்துக்கும் முன்னால் "நான்தான் எல்லோரையும் விடக் குள்ளம்" என்று அவன் அறிவித்துக்கொண்டு நிற்கிறான். வருகைப் பதிவேட்டு வரிசையில் நிற்க வைத்தால் இந்தச் சங்கடம் தீர்ந்தது. உங்கள் வகுப்புக்கு மட்டுமாவது இப்படிச் செய்ய தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. சீக்கிரம் வளர்ந்துவிட்ட பெண்ணிடம் "இவ்வளவு பெரிய பொண்ணா இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்காதீர்கள். உடம்பு 16 போலத் தெரிந்தாலும் அவள் 13 வயதுக் குழந்தைதான். வயதுக்கு மீறிய பொறுப்பையும் கண்டிப்பையும் சுமப்பவர்கள் இந்தப் பிள்ளைகள். மற்றவர்களின் கேலியும் முதலில் இவர்களைத்தான் தேடி வரும்.

முதல் வாரம்: உடம்பு சம்பந்தமான மூன்று ஏற்பாடுகள்

கழிப்பறைக்குப் போகப் பெண் பிள்ளை அனுமதி கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். இடது கையை மேசை மேல் வைத்துக் காட்டுவது போன்ற ஒரு சைகையை முதல் நாளே சொல்லிவிட்டால், கேட்பதே அவர்களுக்குச் சுலபமாகிவிடும். இந்த விதியை ஆண் ஆசிரியர்கள்தான் கூடுதல் அக்கறையோடு வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் 'புதுயுகம்' திட்டத்தில் இலவச நாப்கின் தரப்படுகிறது. உங்கள் பள்ளியில் அது யார் பொறுப்பில், எந்த அறையில் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். பீரோவில் பூட்டி, சாவி தலைமையாசிரியரிடம் இருந்தால் எந்தப் பிள்ளையும் போய்க் கேட்காது. ஓர் ஆசிரியையின் மேசை இழுப்பறையில் எப்போதும் நான்கைந்து இருக்க வேண்டும்.

பூப்பெய்திய பெண் சடங்கெல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்புக்கு வருவாள். "எங்கேம்மா போன இத்தனை நாள்?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். அங்கே எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு அதுதான் கூச்சம். விட்டுப்போன பாடத்தைத் தோழியின் நோட்டிலிருந்து எழுதிக்கொள்ளச் சொல்லி, இடைவேளையில் பத்து நிமிடம் நடத்துங்கள். அப்புறம் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கபடி அணியிலிருந்து பெண்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வீட்டில் பேசி மறுபடி மைதானத்துக்கு வரவழைக்க ஆசிரியரால் முடியும்.

பையன்களுக்கு மகரக்கட்டு உடைகிற வயது இது. குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீள்வதால், ஒரே வாக்கியத்தில் குரல் கீழேயும் மேலேயும் ஓடும். செய்யுள் வாசிக்கும்போது குரல் பிசிறி வகுப்பே சிரித்தால், அதன் பிறகு பல மாதம் அவன் வாசிக்க மாட்டான். குரல் மாறும் பையன்களைத் தனியாக எழுப்பாமல், நான்கு பேராகச் சேர்ந்து வாசிக்க வையுங்கள். சிரிப்பு வந்தால், "எல்லாருக்கும் வர்றதுதான், உங்க அண்ணனைக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

தூக்கமும் பசியும்

முதல் பீரியடில் தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வளரிளம் பருவத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அவர்களின் உடல் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பத்தாம் வகுப்புப் பிள்ளையை விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கச் சொல்கிறோம். எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமானால் இரவு ஒன்பதுக்கே அவன் படுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவன் உடம்புக்குத் தூக்கமே வராது, பக்கத்தில் கைபேசி வேறு. பொதுத்தேர்வு வகுப்புகளுக்குக் காலை ஸ்பெஷல் கிளாஸ் போடுவது பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். அதை மாற்ற முடியாத இடத்தில், காலை வகுப்பில் புதுப் பாடம் எடுக்காமல் எழுதும் வேலை, கரும்பலகைக்கு வந்து போடும் கணக்கு என்று உடம்பு அசையும்படி வையுங்கள்.

பசியைத் தனியாகக் கவனியுங்கள். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளர்ச்சி வேகம் பிடித்து, சாப்பாடு அதிகமாகத் தேவைப்படும் ஆறாம் வகுப்பில் அந்த இட்லியும் உப்புமாவும் இல்லாமல் போகிறது. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு வருகிறவர்கள் யார் யார் என்று முதல் மாதத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள். மயக்கம், முகம் வெளுத்திருத்தல், மாடி ஏறினாலே மூச்சு வாங்குதல் தெரிந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் கையில் வாங்கி ஜன்னல் வழியே போட்டுவிடுவார்கள். வெறும் வயிற்றில் போட்டு ஒருமுறை குமட்டியிருக்கும், அந்தப் பயம்தான். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூளையைப் பற்றித் தெரிய வேண்டியது

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் திட்டமிடுவதற்கும் பொறுத்து முடிவெடுப்பதற்கும் பொறுப்பு. அது முழுசாக முதிர இருபது வயதின் மத்தி வரை ஆகிறது. ஆசை, பயம், பாராட்டின் சந்தோஷம் ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளோ பருவம் தொடங்கும்போதே துடிப்பாகிவிடுகின்றன. இதைக் கேட்டுவிட்டு "இவர்களுக்கு யோசிக்கவே தெரியாது" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் நேரத்தில் 16 வயதுப் பிள்ளை கிட்டத்தட்ட பெரியவர்களைப் போலவே யோசிக்கிறது. கோபமாக இருக்கும்போதும் நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதும்தான் அந்த யோசனை கைவிட்டுப் போகிறது.

2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதினர் தனியாக ஆடியதை விட நண்பர்கள் பார்க்கும்போது வெகு அதிகமாக ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தனியாக இருக்கும்போது தங்கமான பையன், நான்கு பேரோடு சேர்ந்தால் பேருந்துப் படிக்கட்டில் தொங்குவது இப்படித்தான். அவன் அங்கே நடிக்கவில்லை, இங்கேயும் நடிக்கவில்லை.

ஆகவே சண்டை நடந்த இடத்திலேயே "ஏன் அடிச்ச?" என்று விசாரிக்காதீர்கள். முதலில் பிரித்து உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். மதியம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "என்ன நடந்தது? அதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது?" என்று கேட்டால், காலையில் முறைத்துக்கொண்டு நின்றவனே வரிசையாகச் சொல்வான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: யார் முன்னால் சொல்கிறீர்கள்?

1967-ல் டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர், வளரிளம் பருவத்தினர் எல்லோரும் எப்போதும் தம்மையே கவனிப்பதாக நம்புகிறார்கள் என்று எழுதினார். கன்னத்துப் பருவை ஊரே பார்க்கிறது, கிழிந்த காலணியை வகுப்பே பார்க்கிறது என்ற எண்ணம். உங்களுக்கு அது வகுப்பறை, அவர்களுக்கு அது விளக்கு அணையாத மேடை. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அந்த மேடையில் நிற்கும் ஆளிடம் சொல்லப்படுகிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் வகுப்புப் பிரச்சினைகளில் பாதி உங்கள் வரை வராது. நான் பார்த்தவரை, ஒழுங்கீனம் என்று நாம் எழுதி வைப்பதில் பெரும்பகுதி, பிள்ளை தன் மானத்தைக் காத்துக்கொள்ளச் செய்த காரியம்தான்.

ஹோம்வொர்க் எழுதாத பையனை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் எழுப்பி, "ஏன் எழுதல?" என்று கேட்டால் அவன் முன்னால் இருப்பது இரண்டே வழி. தலை குனிந்து நாற்பது பேர் முன்னால் சிறுத்துப் போவது ஒன்று. "எழுதினேன் டீச்சர், நோட்டை வீட்டுல வெச்சிட்டேன்" என்று கெத்தாகப் பொய் சொல்வது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நமக்குக் கோபம் வருகிறது. நாம் குரலை உயர்த்தினால் அவனும் உயர்த்துகிறான், விஷயம் தலைமையாசிரியர் அறை வரை போகிறது.

அதையே இப்படிச் செய்து பாருங்கள். எல்லோருக்கும் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போங்கள். அவன் அருகில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நோட்டு காலியா இருக்கே தம்பி, இன்டர்வெல்ல வந்து பாரு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். நின்று முகத்தைப் பார்த்தால் பக்கத்துப் பையன் கவனித்துவிடுவான். இடைவேளையில் வருவான். வீட்டில் எழுத இடமில்லை, அப்பா குடித்துவிட்டு வந்தார், கணக்கே புரியவில்லை என்று உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வரும். காரணம் எதுவானாலும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். கண்டிப்பும் வேண்டும், அதைத் தனியாகக் காட்டவும் வேண்டும்.

பாராட்டிலும் இதே கவனம் தேவை. "பாருங்க, இவளை மாதிரி எழுதணும்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினால், மதியச் சாப்பாட்டில் அந்தப் பெண் தனியாக உட்கார வேண்டி வரலாம். இந்த வயதில் பெரும்பாலானவர்களுக்கு நோட்டில் எழுதித் தரும் பாராட்டே போதும். மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்து விடைத்தாள் தருவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தாளை மடித்துக் கையில் கொடுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். பெயர் சொல்லி எழுப்பிக் கேட்பதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். அப்புறம் "நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவுக்கு வந்தீங்க?" என்று கேளுங்கள். பதில் தப்பானாலும் அது இரண்டு பேரின் தப்பு. வருடக் கணக்கில் வாயைத் திறக்காதவர்கள் இந்த வழியில் பேசத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். "தெரியல" என்றால், "சரி, யோசி, திரும்பி வர்றேன்" என்று சொல்லி, உண்மையிலேயே திரும்பி வாருங்கள்.

நோட்டில் திருத்தம் எழுதும்போது

சிவப்பு மை மட்டும் போதாது. 2014-ல் டேவிட் யீகர் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்க ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகள் திருத்தித் தரப்பட்டன. பாதிப் பேருக்கு, "உங்களிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உங்களால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள்" என்ற பொருளில் ஒரு சீட்டையும் ஆசிரியர்கள் சேர்த்து வைத்தார்கள். அந்தச் சீட்டு கிடைத்தவர்களில் அதிகம் பேர் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தார்கள். அதிலும் ஆசிரியர் மேல் நம்பிக்கை குறைவாக இருந்த கறுப்பின மாணவர்களிடம் மாற்றம் பெரிதாக இருந்தது. திருத்தத்தைப் பிள்ளை அவமானமாக எடுத்துக்கொள்கிறதா, நம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறதா என்பதுதான் விஷயம். "மோசம்" என்று எழுதும் இடத்தில் "மூணாவது வரி வரைக்கும் சரியா வந்திருக்க, அங்கே குறி மாறிடுச்சு, இன்னொரு தடவை போட்டுக் காட்டு" என்று எழுத அரை நிமிடம்தான் கூடும்.

பாடம்: கண்ணுக்குத் தெரியாததை யோசிக்கும் வயது

ஏறக்குறைய 11, 12 வயதில் கண்ணால் பார்க்க முடியாததைப் பற்றி, "ஒருவேளை இப்படி இருந்தால்" என்று யோசிக்கும் திறன் வரத் தொடங்குகிறது என்றார் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே. எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை, எல்லாப் பாடத்திலும் ஒன்றாக வருவதுமில்லை. இயற்கணிதத்தில் "எக்ஸ்னா எவ்வளவு டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளை மக்கு இல்லை, இந்தப் பாலத்தின் நடுவில் நிற்கிறது.

ஒரு விளையாட்டில் தொடங்குங்கள். ஒவ்வொருவரும் ஓர் எண்ணை நினைக்கட்டும். அதை இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். பத்தைக் கூட்டி, பாதியாக்கி, நினைத்த எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் அஞ்சு" என்று நீங்கள் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "எப்படி டீச்சர்?" என்று கேட்பார்கள். 7, 20, 100 என்று மூன்று பேரின் எண்களை வைத்துக் கரும்பலகையில் மூன்று வரிசை போடுங்கள். நான்காவது வரிசையில், "யார் என்ன நினைச்சாங்கன்னே தெரியாது, அதை எக்ஸ்னு வெச்சுக்குவோம்" என்று எழுதுங்கள். இரண்டு எக்ஸ், அதோடு பத்து, பாதியாக்கினால் எக்ஸும் ஐந்தும், எக்ஸ் போனால் ஐந்து. தெரிந்த எண்ணிலிருந்து தெரியாத எண்ணுக்கு அவர்களே நடந்து வந்துவிடுவார்கள்.

இதே திறன்தான் வாதம் செய்யவும் வைக்கிறது. "இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்பதை எதிர்ப்பேச்சாகக் கேட்காமல் கேள்வியாகக் கேளுங்கள். வகுப்பு விதிகளில் இரண்டு மூன்றையாவது அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். தாங்கள் சேர்ந்து வைத்த விதியை மீறுகிறவனை அவர்களே தட்டிக் கேட்பார்கள்.

கூட்டம் சேர்தல்

"நான் யார்?" என்ற கேள்விக்கு இந்த வயதில் பிள்ளை முதலில் தேடும் விடை, "நான் யாரோடு?" என்பது. கிரிக்கெட் டீம், நடிகரின் ரசிகர் கூட்டம் என்றால் பரவாயில்லை. நம் ஊரில் அந்த இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்வதோடு வேலை முடியாது. அந்தக் கயிறு கொடுத்த சேர்மானத்தை வேறு எங்காவது தர வேண்டும். பெஞ்ச் வரிசையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஆய்வகக் குழுக்களை நீங்களே கலந்து போடுங்கள். பதிவேட்டிலிருந்து யாருடைய சாதியையும் உதவித்தொகை விவரத்தையும் வகுப்பில் வாசிக்காதீர்கள். படிவம் வாங்க வேண்டியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அனுப்புங்கள்.

காதல் கடிதம் கையில் சிக்கினால் அதை வாசித்துக் காட்டக் கூடாது, ஸ்டாஃப் ரூமில் சுற்றுக்கு விடவும் கூடாது. ஈர்ப்பு இந்த வயதின் இயல்பு. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் போதும்.

சட்டமும் அபாய அறிகுறிகளும்

அடிப்பது, முட்டி போட வைப்பது, கேவலமாகப் பேசுவது எதற்கும் இடமில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று தொடங்கினால் சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன், வேற யார்கிட்டயும் போகாது" என்று சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தெரிவிப்பது உங்கள் கடமை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு அது முடிவதில்லை. தோண்டித் தோண்டி விசாரிக்காதீர்கள். சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். குழந்தைத் திருமணப் பேச்சு காதில் விழுந்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

மதிப்பெண் சட்டென்று சரிவது, நண்பர்களை விட்டு விலகுவது, கையில் கீறல்கள், "நான் இல்லாட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு இவற்றில் எதையும் வயதுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே தனியாகப் பேசுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியாக விடாமல், தலைமையாசிரியரோடு சேர்ந்து வீட்டாரை வரவழைத்து மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கல்வித்துறையின் 14417, சுகாதாரத் துறையின் 104 ஆகிய உதவி எண்களை வகுப்புச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். தேர்வு முடிவு வரும் நாட்களில் உங்கள் கைபேசியை அணைக்காதீர்கள்.

மாதக் கடைசியில்: வீட்டுக்கு ஒரு போன்

பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து போன் என்றாலே வயிற்றைக் கலக்கும். அதனால் உங்கள் முதல் அழைப்பு புகாராக இருக்க வேண்டாம். உங்களைக் கடுமையாகச் சோதிக்கிற ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் உண்மையான ஒரு நல்ல செய்தியைக் குறித்துக்கொண்டு, வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் கூப்பிடுங்கள். "அண்ணே, கணக்கு டீச்சர் பேசுறேன், பயப்படாதீங்க. இன்னிக்கு உங்க பையன் ஒரு கணக்கை வேற வழியில போட்டுக் காட்டினான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." இரண்டு நிமிடம் போதும். பின்னால் ஒரு பிரச்சினைக்காக வரச் சொல்லும்போது அந்த அப்பா கையை ஓங்கிக்கொண்டு வர மாட்டார், உட்கார்ந்து பேச வருவார். அப்போதும் பிள்ளையை அருகில் நிறுத்திக் குற்றப் பட்டியல் வாசிக்காமல், முதலில் அப்பாவோடு பேசுங்கள். அதன் பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, அவன் தரப்பைக் கேட்டு, அடுத்த இரண்டு வாரத்துக்கு வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என இரண்டே காரியங்களை மூன்று பேருமாக முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள்.